நோட்டீஸில் தெரியாத எழுத்து

போன வாரம் நம் விளம்பர அலுவலகத்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டி உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். எண்ணெய்க் கறை படிந்த ஒரு கை. இரண்டு விரல்களுக்கு நடுவே, லேத் மெஷினில் கடைந்து முடித்த ஒரு இரும்பு புஷ், குட்டிக் குழாய் மாதிரி. "சார், சண்முகவேல் சார் கம்பெனிக்கு இருபத்தைந்தாம் வருஷ போஸ்ட் போடணும். இந்தப் படம் செம விண்டேஜ். இதையே போட்டுடலாமா?" என்று கேள்வி. கேள்விக்குப் பின்னால் மூன்று நெருப்புப் பொம்மைகள் வேறு.

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்றவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் நாற்பது வார்த்தை வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படியுங்கள். ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் பாதி போதும்.

உங்கள் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. 'ஒருமுறை எழுது, பத்து இடத்தில் போடு' என்று அதில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறீர்கள். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு நாள் முழுக்க ஆங்கிலத்தில் அதைத்தான் விளக்கினார். ஒரு நோட்டீஸ் எப்படிப் படமாகி, படம் எப்படி வீடியோவாகி, வீடியோ எப்படி மறுபடி நோட்டீஸாகும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். நீங்கள் எல்லோரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டீர்கள். இந்த நிறுவனத்தை இப்போது நடத்தும் என் மகள்தான் அதிகமாகக் குறித்துக்கொண்டாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த வித்தைக்கு எங்கள் காலத்தில் இவ்வளவு பெரிய பெயர் கிடையாது. 'அதையே போடு' என்போம்.

ஹோசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், கீழே பேக்கரி, மேலே நான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு டிஜிட்டல் கேமரா. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று தொடங்கி எட்டு வரி எழுதி வைத்திருந்தேன். அந்த எட்டு வரி டயர் கடைக்குப் பிட் நோட்டீஸாகப் போனது, தையல் கடைக்கு ஃப்ளெக்ஸாகப் போனது, கோழிக்கடைக்கு ஆட்டோ மைக்கில் போனது, நகைக்கடைக்குக் கேபிள் டிவியின் அடியில் ஓடியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே எட்டு வரி. யாரும் கண்டுபிடிக்கவில்லை. நோட்டீஸை ஒழுங்காகப் படிப்பவர் அதை அடிக்கக் கொடுத்த முதலாளி ஒருவர்தான். அவரும் தன் பெயரையும் போன் நம்பரையும் மட்டும்தான் பார்ப்பார்.

ஒரே ஒருவர் படித்தார். சூளகிரியில் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றுக்கு 'ஒருமுறை வந்தால் மறுபடி மறுபடி வருவீர்கள்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் அடுத்த மாதம் எலும்பு முறிவு டாக்டர் ஒருவரின் கிளினிக் திறப்பு விழாவுக்கும் அதையே போட்டேன். டாக்டர் நேரில் வந்தார். "ஏங்க, எங்கிட்ட வந்தவன் மறுபடி மறுபடி வந்தான்னா, நான் கட்டுன கட்டு என்ன லட்சணம்னு ஊரு கேக்காதா?" என்றார். மன்னிப்புக் கேட்டு, நோட்டீஸை மாற்றி அடித்துக் கொடுத்தேன். அந்த வரியை அதோடு தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நானோ ஒரு டியூஷன் சென்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். போன மாதம் ரோஜா நர்சரிக்கு நீங்கள் எழுதிய 'அன்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள்' கிரானைட் கடையின் பக்கத்திலும் இருந்ததை நான் பார்த்தேன். கிரானைட்டை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன்.

இனி சண்முகவேல் கதைக்கு வருகிறேன்.

உலகத்தில் எங்கோ வங்கிகள் கவிழ்ந்து, ஹோசூரில் ஷிஃப்ட் குறைந்த சமயம் அது. போதாததற்குத் தினமும் நேரம் குறித்து மின்வெட்டு. அந்த வருடங்களில் எல்லோரும் போய்க் கூடிய ஒரு நட்பு வலைத்தளம் இருந்தது. இப்போது இல்லை. பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் ஏதோ சலவை சோப்பு என்று நினைப்பீர்கள். அதில் யார் வேண்டுமானாலும் ஒரு குழு தொடங்கலாம். படம் போடலாம், பேசலாம். நான் என் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குழு தொடங்கி, 'இன்டர்நெட் விளம்பரம்' என்று புதிதாக ஒரு பலகையும் மாட்டிவிட்டேன்.

அந்தக் குழுக்களில் இருந்தது யார் என்ற உண்மையை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. பெரும்பாலும் நான்தான். நான்கு பெயர்களில் இருந்தேன். அதில் ஒன்று ரம்யா. நான் போட்ட படங்களை ரம்யா பாராட்டுவாள். ரம்யாவுக்கு மட்டும் நட்பு அழைப்புகள் வந்து குவிந்தன. டயர் கடைக்கு ஒரு டயர்கூட விற்கவில்லை.

சண்முகவேல் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டும் டர்னராக இருந்துவிட்டு, பிறகு தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு மூன்று லேத்துடன் சொந்தப் பட்டறை வைத்தவர். ஏழு ஆட்கள். அவர் மனைவி சரோஜா உத்தனப்பள்ளிக்காரி. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், பெங்களூர் ஆட்களிடம் கன்னடம். கடைந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, சரி அல்லது தள்ளு என்று முடிவு செய்வது அவர்தான். அவர் அளக்கும் மேஜையில் புருஷனுக்கும் சலுகை கிடையாது.

இவர்கள் பிழைப்பு ஒரே ஒரு பெரிய கம்பெனியை நம்பி இருந்தது. அந்தக் கம்பெனி இப்படிப்பட்ட பட்டறைகளுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கும். வெண்டர் கோடு என்பார்கள். கோடு இருந்தால் கேட் திறக்கும், ஆர்டர் வரும். கோடு போனால் வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். கம்பெனி ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ட்ராயிங் கொடுக்கும். எல்லா அளவும் அதில் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும், 'ரகசியம், வேலை முடிந்ததும் திருப்பித் தரவும்' என்று மூலையில் ஒரு சிவப்பு முத்திரையும் இருக்கும்.

ஆர்டர் குறைந்ததும் பெங்களூர்ப் பக்கம் புது வாடிக்கையாளர் தேட நோட்டீஸ் அடிக்கலாம் என்று சண்முகவேல் என்னிடம் வந்தார். கேமராவோடு பட்டறைக்குப் போனேன். புஷ்ஷை மேஜைமேல் வைத்து எடுத்தால், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. பின்னணி வேண்டும் என்றேன். சுவரில் மாட்டியிருந்த ட்ராயிங் கண்ணில் பட்டது.

"அதுமட்டும் வோணாம்ணா. கம்பெனி ட்ராயிங்கு. முத்திர வேற இருக்குது" என்றார் சரோஜா.

"நோட்டீஸ்ல தீப்பெட்டி சைசுக்குத்தாம்மா வரும். ஒரு எழுத்தும் தெரியாது."

அரைமனதாக இறக்கிக் கொடுத்தார். அதை மேஜைமேல் விரித்து, பாகத்தைப் பிடிக்க ஒரு கை வேண்டுமென்று லேத் ஓட்டிக்கொண்டிருந்த மாரியப்பனைக் கூப்பிட்டேன். நாகரசம்பட்டிக்காரன். ஏழு பேரில் கடைசியாகச் சேர்ந்தவன். "கையக் கழுவிட்டு வரட்டுங்களாண்ணா?" என்று கேட்டான். கறை இருந்தால்தான் உழைப்பு தெரியும் என்று நான் பெரிய கலைஞன் மாதிரி சொன்னேன். அவன் கூச்சத்தோடு கையை நீட்டினான்.

நோட்டீஸின் மாதிரிப் பிரதியைச் சரோஜாவிடம் கொடுத்தேன். அவர் அதை ட்யூப்லைட்டுக்கு அடியில் வைத்து, பாகத்தில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கும் லென்ஸை எடுத்து, ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு, "தெரியல. அடிங்க" என்று மூலையில் பென்சிலால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிட் நோட்டீஸுக்கு இன்ஸ்பெக்‌ஷனா என்று கீழே பேக்கரிக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

நோட்டீஸால் ஒன்றும் வரவில்லை. சண்முகவேல் குறைப்படவில்லை. மூன்று வாரம் கழித்து மாடியேறி வந்தார்.

"அண்ணாச்சி, இன்டர்நெட்டுல என்னமோ போடுதீகளாமே. நமக்கும் ஒண்ணு போட்டுப் பாப்பமா? புதுசா எதுவும் படம் எடுக்கணுமா?"

"எதுக்கு? அதையே போட்டுடலாம்" என்றேன்.

மின்வெட்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. நோட்டீஸில் போட்ட சின்னப் படம் வேறொரு கோப்பில் இருந்தது. அதைத் தேடித் திறந்து, இன்டர்நெட்டுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். கேமராவிலிருந்து வந்த பெரிய படம் கண்முன்னே இருந்தது. அதைத் தூக்கி அப்படியே போட்டுவிட்டு, எட்டு வரியையும் ஒட்டிவிட்டேன். அந்தத் தளத்தில் படத்தின்மேல் அழுத்தினால் திரை முழுக்க விரியும். நான் அழுத்திப் பார்க்கவில்லை. ரம்யா மட்டும் 'அருமை' என்று எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்து, என் விளம்பர வாழ்க்கையில் முதல்முறையாக, நான் அல்லாத ஒரு மனிதர் குழுவுக்கு வந்து செய்தி அனுப்பியிருந்தார். பெங்களூர்ப் பட்டறைக்காரர். பாகம் நன்றாக இருக்கிறது, உள்விட்டம் இவ்வளவு, அதில் இத்தனை மைக்ரான்தான் கூடக்குறைய விடலாம் என்றால் மாதம் எத்தனை பீஸ் கொடுக்கிறீர்கள், என்ன விலைக்குப் போடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். நான் அதைப் பிரிண்ட் எடுத்தேன். பேக்கரியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். வண்டியை விரட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். என் தப்பை நானே இனிப்போடு கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

"சண்முகவேல், இன்டர்நெட் வேல செய்யுதுப்பா!"

லேத்துகள் நின்றன. சண்முகவேல் படித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, "ஏ சரோஜா, மாசம் எத்தன பீஸுன்னு கேக்கான் பாரு" என்றார். மாரியப்பன்கூட எட்டிப் பார்த்தான். அவன் கை ஊரெல்லாம் போயிருக்கிறதே. சரோஜா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"ண்ணா, இந்த அளவு இவருக்கு எப்பிடித் தெரியும்?"

"எந்த அளவு?"

"எத்தன மைக்ரான் வுடலாம்னு எழுதியிருக்காரே. அது ட்ராயிங்க வுட்டா எங்கியும் கெடையாது. என் தலையில கூடக் கெடையாது. நானே தெனமும் பாத்துதான் செக் பண்றன்."

நான் மைசூர்பாகுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் பிரிக்கவில்லை.

மூன்று பேரும் என் கடைக்கு வந்தோம். மின்வெட்டு. முக்கால் மணி நேரம் இருட்டு மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் வந்ததும் சரோஜாவே படத்தின்மேல் அழுத்தினார். திரை முழுக்க விரிந்தது. மாரியப்பனின் நகத்து அழுக்கு தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு அளவும், கம்பெனி பெயரும், பாகத்தின் எண்ணும், சிவப்பு முத்திரையும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. லென்ஸே தேவைப்படவில்லை.

சண்முகவேல் நாற்காலியில் சரிந்தார். "நாளைக்குப் புது பார்ட்டுக்கு சாம்பிள் கொண்டுபோணும் அண்ணாச்சி. அது கெடச்சா ரெண்டாவது ஷிஃப்ட்டு ஓட்டலாம்னு இருந்தேன். இது தெரிஞ்சா புதுசு கெடக்கட்டும், இருக்கிற கோடே போயிரும். ஏழு பேர என்ன செய்ய?"

நான் உடனே தளத்திலிருந்து படத்தை அழித்தேன். குழுவையும் அழித்தேன். அவசரத்தில் ரம்யாவையும் அழித்தேன். "முடிஞ்சுது. இனிமே யாருக்குத் தெரியப் போவுது? பேசாம இருங்க. நாளைக்கு சாம்பிளக் குடுத்துட்டு வாங்க" என்றேன். ரொம்ப அனுபவசாலி மாதிரிதான் சொன்னேன். சண்முகவேலும் என் பக்கம்தான் சாய்ந்தார். "ஆமா சரோஜா, கேட்டாத் தெரியாதுன்னு சொல்லிருவோம்" என்றார்.

"பெங்களூர்க்காரருக்குத் தெரியும் இல்ல?" என்றார் சரோஜா. "அவரு வெல கேட்டிருக்கறது நம்மகிட்ட வாங்கறதுக்கா? நம்ம வெலைக்குக் கீழ கம்பெனிக்குப் போட்டுக் குடுக்கறதுக்கு. போவாரு. இந்த அளவு ஒனக்கு எப்பிடிக் கெடச்சுதுன்னு அங்க கேப்பாங்க."

அவர் புருஷனிடம் திரும்பினார். "போன வருசம் அளவு தப்பி ஒரு லாட்டு பீஸு மொத்தமும் போச்சே, ஞாபகம் இருக்குதா? அவங்க அசெம்ப்ளி லைன்ல ஏத்தறதுக்கு முன்ன நாமளே போன் பண்ணி நிறுத்தச் சொன்னோம். திட்டுனாங்க. கோடு இருந்துச்சு. பக்கத்துப் பட்டறக்காரரு சொல்லாம வுட்டாரு. வண்டியில மாட்டுனதுக்கு அப்புறம் தெரிஞ்சுது. இப்ப அவரு எங்க?"

"ஊருக்குப் போயிட்டாரு" என்றார் சண்முகவேல்.

"இதுவும் கெட்ட லாட்டுதான். லைனுக்குப் போறதுக்கு முன்ன நாமளே போயிச் சொல்லணும்."

பிறகு என்னிடம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "ஒரே ட்ராயிங்கு, ஒரே ஆளு. ஆனா இந்த மெசின்லருந்து அந்த மெசினுக்கு மாத்துனா மொத பீஸ எங்கிட்டக் காட்டாம அடுத்த பீஸப் போடக் கூடாது. எங்க ஆளுங்க எல்லாருக்கும் இது தெரியும்ணா. நீங்க நோட்டீஸ்லருந்து இன்டர்நெட்டுக்கு மாத்துனீங்களே. மொத பீஸு எங்க?"

அவர் பென்சில் கையெழுத்துப் போட்ட நோட்டீஸைச் சொல்லிப் பேக்கரிக்காரரிடம் நான் சிரித்தது ஞாபகம் வந்தது. கூனிக் குறுகிப்போனேன்.

அந்தத் தொழிலில் தப்பு நடந்தால் நிரப்ப வேண்டிய ஒரு படிவம் உண்டு. ஏன் நடந்தது என்று எழுத வேண்டும், அந்தப் பதிலுக்கு ஒரு ஏன் கேட்க வேண்டும், இப்படி ஐந்து ஏன். சரோஜா என் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். அளவு வெளியே போனது ஏன்? படத்தில் ட்ராயிங் இருந்தது. இருந்தது ஏன்? அழகுக்காக வைத்தது. நோட்டீஸில் தெரியாதது இங்கே தெரிந்தது ஏன்? சின்னப் படத்துக்குப் பதிலாகப் பெரிய படம் போட்டது. அப்படிப் போட்டது ஏன்?

"மின்வெட்டும்மா" என்றேன்.

"கரண்ட்டு வந்ததும் மாத்தியிருக்கலாமே" என்று சொல்லி, வேறு ஏதோ எழுதினார். தலைகீழாகப் படித்தேன். 'ஏற்கெனவே செக் பண்ணிய படம் என்று நினைத்தார்.' ஐந்தாவது ஏன், அப்படி நினைத்தது ஏன். அதற்கு என்னிடம் கேட்கவே இல்லை. 'விளம்பரக்காரர் எதையும் புதிதாகப் பார்ப்பதில்லை. அதையே போடுவார்' என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட இடம் விட்டார்.

மறுநாள் காலை மூன்று பேரும் கம்பெனி கேட்டில் நின்றோம். சண்முகவேல் கையில் சாம்பிள் தட்டு. வாட்ச்மேன் ரிஜிஸ்டரைத் திறந்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

"ரிஜெக்‌ஷன்" என்றார் சண்முகவேல்.

"எந்தப் பீஸு?"

சண்முகவேல் யோசிக்காமல் என்னைக் காட்டினார். அந்த நிலையிலும் சரோஜா சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கினார்.

தர மேலாளர் மைசூர்ப் பக்கத்துக்காரர். கூத்கொள்ளி என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, படிவத்தைப் படித்தார். ஐந்தாவது பதிலுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"யாரு எழுதினது?"

"நாந்தான் சார்" என்றார் சரோஜா.

"என் எஞ்சினியருங்க யாரும் இவ்வளவு நேரா ரூட் காஸ், மூல காரணம், எழுதல்ல" என்றவர் என்னைப் பார்த்தார். "நீவேனா ஆ மனுஷ்யா? அந்த ஆளு நீங்கதானா?"

"ஹௌது சார்" என்றேன். ஹோசூரில் இத்தனை வருடம் இருந்து நான் கற்ற கன்னடத்தில் அந்த நேரத்துக்கு அந்த 'ஆமாம்' ஒன்றுதான் வந்தது.

சண்முகவேல் சாம்பிள் தட்டை அவர் மேஜைமேல் வைத்தார். "நோடி ஷண்முகம்," என்றார் மேலாளர், "நீங்களே வந்து சொல்லிட்டீங்க. அதனால கோடு கட் மாடல்ல, அது இருக்கும். ஆனா புது பார்ட் இப்போ கொடுக்க ஆகல்ல. மூணு மாசம் ஹோல்ட். ட்ராயிங் எல்லாம் இன்னிக்கே திருப்பிக் கொடுங்க. வேலை இருக்கிறப்போ மட்டும் வாங்கிட்டுப் போங்க."

சாம்பிள் தட்டை அவர் தொடவில்லை. சண்முகவேல் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து அதே மேலாளரிடமிருந்து சண்முகவேலுக்குப் போன். பெங்களூர்க்காரர் குறைந்த விலையோடு போயிருக்கிறார். கையோடு என் படத்தின் பிரிண்ட்டையும் கொண்டுபோயிருக்கிறார். "நீங்க முதல்ல வந்தீங்க ஷண்முகம். அவன் முதல்ல வந்திருந்தா உங்களுக்கு இந்த கேட் இல்ல" என்றாராம். சண்முகவேல் மாடியேறி வந்து இதைச் சொன்னார். நான் சொன்ன யோசனையைக் கேட்டிருந்தால் பட்டறை போயிருக்கும். சரோஜா அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல முடிவு. உங்கள் பயிற்சியாளர் நிறுத்தியிருப்பார்.

கோடு தப்பியது, ஆனால் புது பார்ட் வரவில்லை. பழைய ஆர்டரும் மெலிந்தது. ஏழு பேருக்கும் போதுமான வேலை இல்லை. கடைசியாகச் சேர்ந்தவனைத்தான் முதலில் நிறுத்துவார்கள். மாரியப்பனிடம் மூன்று மாதம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார் சண்முகவேல்.

ஊருக்குப் போகிற அன்று அவன் பையோடு என் மாடிக்கு வந்தான். திட்டத்தான் வருகிறான் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"அண்ணா, அந்தப் படம் ஒண்ணு பிரிண்ட்டு போட்டுக் குடுக்கறீங்களா? அந்த ட்ராயிங்கு வோணாம், அத வெட்டிடுங்க. கை மட்டும் போதும். லேத்துல வேல பாத்தன்னு வூட்ல காட்டணும்."

நான் உட்கார்ந்து ட்ராயிங்கை வெட்டி எடுத்தேன். கையும் புஷ்ஷும் மட்டும் மிஞ்சின. அன்றைக்கு அந்தப் படத்தை அழுத்தி, விரித்து, மூலை மூலையாகப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய பார்வை அது. அவன் பிரிண்ட்டை வாங்கிப் பைக்குள் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

மூன்று மாதம் கழித்துச் சண்முகவேல் கூப்பிட்டார். மாரியப்பன் வரவில்லை. அதற்குள் ஊரில் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டும் வேலையில் இறங்கிவிட்டான். இன்றும் நாகரசம்பட்டியில் அதைத்தான் செய்கிறான். நன்றாகவே இருக்கிறான் என்று கேள்வி. ஆனால் லேத்தை விட்டு அவன் போனது அவன் எடுத்த முடிவு இல்லை. நான் ஒரு படத்தை அழுத்திப் பார்க்காததால் போனான். இது எனக்கு இன்றும் வலிக்கிறது. வலிக்கட்டும் என்றுதான் அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தேன்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நீங்கள் தோண்டி எடுத்த விண்டேஜ் படம் இதுதான். அது விளம்பரத்துக்காக வெட்டிய படம் இல்லை. ஒரு ஆள் வீட்டில் காட்டுவதற்குக் கேட்ட படம்.

நீங்கள் ஒருமுறை எழுதிப் பத்து இடத்தில் போடுவதை நான் தடுக்கப் போவதில்லை. சின்னக் கடைக்காரர்களுக்கு நாள்தோறும் புதிதாக எழுதித் தர யாராலும் முடியாது, நானும் எழுதவில்லை. ஆனால் பத்து இடம் என்றால் பத்து மெஷின். ஒவ்வொன்றிலும் முதல் பீஸை யாரிடமாவது காட்டுங்கள். அந்த யாராவது ரம்யாவாக இருக்கக் கூடாது.

கேட்ட கேள்விக்குப் பதில்: போடலாம். ஆனால் ஒருவர் நாகரசம்பட்டிக்கு நேரில் போய், எங்கே போடுகிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று மாரியப்பனிடம் சொல்லிக் கேளுங்கள். அவர் சரி என்றால் போடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை எடுத்துக்கொண்டு சண்முகவேல் பட்டறைக்குப் போங்கள். அங்கே இப்போது நிறையக் கைகள் இருக்கின்றன. படம் எடுக்கும்போது யாராவது, கையைக் கழுவிவிட்டு வரட்டுமா என்று கேட்டால், கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள்.